காசுகளின் சாட்சியம்: முஸ்லிம் உலகைத் தொட்ட அமெரிக்க நாணயங்களும் ஒரு பதக்கமும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அரசு முத்திரையிட்டு வெளியிடும் காசு ஒன்று. வாக்குத் தவறாத நேர்மை மற்றொன்று. ஒருவரை 'நாணயமானவர்' என்று நாம் சொல்லும்போது அவர் கையிலுள்ள பணத்தைக் குறிப்பதில்லை. அவருடைய சொல்லின் உறுதியையே குறிக்கின்றோம். இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் குடியிருப்பதற்குத் தக்க காரணம் இருக்கின்றது. காசு என்பது வெறும் உலோகத்துண்டு அன்று. இன்ன எடை, இன்ன மாற்று, இன்ன ஆட்சி, இன்ன ஆண்டு என அது தன் முகத்திலேயே ஒரு வாக்குமூலத்தைத் தாங்கி நிற்கின்றது. அவ்வாக்கை நம்பியே மக்கள் அதனைக் கைமாற்றுகின்றனர்.

அரபு மொழியில் இதற்கு இணையான சொல் 'சிக்கா' என்பதாகும். இச்சொல் முதலில் காசு அடிக்கும் இரும்பு அச்சினையும், பின்னர் அவ்வச்சு பதித்த முத்திரையையும், அதன் பின்னர் அப்பணியை மேற்பார்க்கும் அரசுப் பொறுப்பினையும் குறிப்பதாயிற்று என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்குகின்றார். வெள்ளிக்கிழமைக் குத்பாவில் பெயர் ஓதப்படுவதும், காசில் பெயர் பொறிக்கப்படுவதும் முஸ்லிம் ஆட்சியாளரின் இறைமைக்குரிய இரு அடையாளங்களாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. உமய்யாக் கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-697) வெளியிட்ட தீனார்களில் உருவங்கள் நீக்கப்பட்டு எழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. அவற்றின் விளிம்பை ஒட்டி, அவை அச்சிடப்பட்ட ஆண்டும் எழுத்தால் பொறிக்கப்பட்டது. இன்று வரலாற்றாசிரியர்கள் பல ஆட்சிகளின் காலத்தை வரையறுக்க இத்தகைய காசுகளையே சான்றாகக் கொள்கின்றனர்.

எனினும், காசு சொல்வதெல்லாம் உண்மைதானா என்னும் வினா எழுகின்றது. சாட்சி ஒருவர் கூறுவதை அப்படியே ஏற்பது நம் முன்னோரின் அறிவு மரபு அன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தி வந்தடைந்த அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாதையும், அச்செய்தியின் உட்பொருளாகிய மத்னையும் தனித்தனியே சோதித்தனர். இச்சோதனை காசுகளுக்கும் பொருந்தும். இதனை விளக்க, முஸ்லிம் நாடுகளின் வரலாற்றோடு தொடர்புடைய அமெரிக்கப் பதக்கம் ஒன்றையும், அமெரிக்க அக்கசாலையில் பிறந்த மூவகைக் காசுகளையும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கின்றோம். அவற்றுள் ஒன்று பாதி உண்மையைச் சொல்கின்றது. ஒன்று தவறான ஆண்டைச் சொல்கின்றது. ஒன்று உண்மையே சொல்லியும் எழுபது ஆண்டுகளாகக் காசு என ஏற்கப்படாமல் இருந்தது. இன்னொன்று எடையையும் மாற்றையும் தவிர வேறெதையும் சொல்ல மறுக்கின்றது.

திரிப்போலிப் பதக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மத்தியதரைக் கடலில் வணிகம் செய்ய விரும்பிய நாடுகள் அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்போலி ஆகிய வடஆப்பிரிக்கத் துறைமுக அரசுகளோடு பொருள் கொடுத்து உடன்படிக்கை செய்துகொள்வது வழக்கமாயிருந்தது. புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசும் அவ்வழியையே பின்பற்றிற்று. கொடுக்கப்பட்ட பொருள் போதாதெனக் கருதிய திரிப்போலி ஆட்சியாளர் யூசுஃப் கரமான்லி, 1801 மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிக்கம்பத்தை வெட்டி வீழ்த்திப் போரை அறிவித்தார். 1803 அக்டோபர் 31 அன்று 'பிலடெல்பியா' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் திரிப்போலிக்கு அருகே பாறையில் தரைதட்ட, அதிலிருந்த 307 பேரும் சிறைப்பட்டனர். கப்பல் பகைவருக்குப் பயன்படலாகாது என்று, 1804 பிப்ரவரி 16 இரவு அமெரிக்கர்களே துறைமுகத்தினுள் நுழைந்து அதனை எரித்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், கடற்படைத் தலைவர் எட்வர்ட் பிரெபிள் திரிப்போலியின் மீது பலமுறை பீரங்கித் தாக்குதல் நடத்தினார். இதனைப் பாராட்டி அவருக்குப் பொற்பதக்கம் வழங்க அமெரிக்கக் காங்கிரஸ் 1805 மார்ச்சில் தீர்மானித்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய செதுக்குக் கலைஞர் ஜான் ரைஷ் அதற்கு அச்சு வெட்டினார். பதக்கத்தின் ஒருபுறம் பிரெபிளின் முகத்தோற்றம் உள்ளது. மறுபுறம், புகை சூழ்ந்த கப்பல்கள் கோட்டை நகரை நோக்கி வரிசைகட்டி நிற்கின்றன. அமெரிக்க வணிகத்தின் உரிமையை நிலைநாட்டியவருக்கு என்று பொருள்படும் இலத்தீன் தொடரும், 'திரிப்போலிக்கு முன்னே, 1804' என்னும் குறிப்பும் அங்கே காணப்படுகின்றன.

பதக்கத்தின் வேலைப்பாடு மிக நேர்த்தியானது. அதில் பொய் என்று சுட்டத்தக்க சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் அது சொல்லாமல் விட்டவை உள. அத்தாக்குதல்களால் நகரம் பணியவில்லை. சிறைப்பட்டோர் விடுதலை பெறவுமில்லை. 1804 செப்டம்பர் 4 அன்று, வெடிமருந்து நிரப்பித் துறைமுகத்தினுள் அனுப்பப்பட்ட 'இன்ட்ரெபிட்' என்னும் படகு இலக்கை அடையுமுன்னரே வெடித்துச் சிதறியதில் அதிலிருந்த 13 பேரும் மாண்டனர். போர் முடிவுற்றது 1805 ஜூன் 4 அன்று கையெழுத்தான உடன்படிக்கையினால்தான். அமெரிக்கரிடம் இருந்த ஏறத்தாழ 100 திரிப்போலிக் கைதிகளுக்கும், திரிப்போலியில் இருந்த ஏறத்தாழ 300 அமெரிக்கக் கைதிகளுக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாட்டுக்கு ஈடாக, 60,000 டாலர் கொடுக்க அமெரிக்கா இசைந்தது. பத்தொன்பது மாதங்களுக்கு மேலாக மாலுமிகளுக்குக் கிட்டாத விடுதலை இவ்வாறு வந்தது.

ரைஷின் பதக்கம் பிலடெல்பியா அக்கசாலையில் 1806-இல் அடிக்கப்பட்டபோது அந்தத் தொகையும் அந்தப் பதின்மூவரும் வரலாற்றுச் செய்தியாகிவிட்டிருந்தனர். ஆனால் பதக்கம் பாராட்டும் நோக்கில் பிறப்பது. அது வழக்கில் ஒரு தரப்பினர் கொண்டுவரும் சாட்சி. அதன் கூற்றை ஏற்பதில் குற்றமில்லை. அதனோடு நிறுத்திக்கொள்வதே குற்றம். உடன்படிக்கையின் வாசகத்தையும் அதனருகே வைத்துப் படிக்கும்போதுதான் 1804-இன் திரிப்போலி நமக்கு முழுமையாகத் தெரிகின்றது.

மஸ்கட்டுக்குச் சென்ற டாலர்

அதே 1804-ஆம் ஆண்டைத் தாங்கிய வெள்ளி டாலர் ஒன்று உலகப் புகழ் வாய்ந்தது. அமெரிக்க நாணயங்களின் அரசன் என்று சேகரிப்பாளர்கள் அதனை அழைப்பர். அந்த ஆண்டில் 19,570 வெள்ளி டாலர்கள் அச்சிடப்பட்டதாக அக்கசாலைப் பதிவேடு கூறுகின்றது. ஆனால் அவை முந்தைய ஆண்டுகளின் அச்சுகளைக் கொண்டே அடிக்கப்பட்டவை. அவற்றின் மீது 1804 என்னும் எண் இல்லை. அதன்பின் டாலர் அச்சிடுவதே நிறுத்தப்பட்டது. அமெரிக்க டாலர் எடையில் ஸ்பானிய டாலரைவிடச் சற்றுக் குறைந்தது. ஆயினும் மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டும் சமமாகவே செல்லுபடியாயின. எனவே வணிகர்கள் புதிய அமெரிக்க டாலர்களை அங்கே அனுப்பி, எடை மிகுந்த ஸ்பானிய டாலர்களை ஈடாகப் பெற்று ஆதாயம் கண்டனர். அடிக்கும் காசெல்லாம் நாட்டைவிட்டு வெளியேறுமாயின் அடிப்பதில் பயனில்லை என்று அரசு முடிவு செய்தது.

அவ்வாறாயின் 1804 என்று பொறித்த டாலர் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்குரிய விடை நம்மை ஓமானுக்கு அழைத்துச் செல்கின்றது. 1806 முதல் 1856 வரை ஸையித் ஸயீத் பின் சுல்தான் மஸ்கட்டையும் ஸான்ஸிபாரையும் ஒருங்கே ஆண்டார். இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் அவருடைய கப்பல்களும் துறைமுகங்களும் பெரும்பங்கு வகித்தன. 1820-களின் இறுதியில் ஸான்ஸிபாரில் அவரைச் சந்தித்திருந்த எட்மண்ட் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்க வணிகர், பின்னர் தம் நாட்டின் தூதராக 'பீகாக்' என்னும் போர்க்கப்பலில் அனுப்பப்பட்டார். அவர் 1833 மார்ச் 20 அன்று சயாம் நாட்டோடும், செப்டம்பர் 21 அன்று மஸ்கட்டோடும் வணிக உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பினார். மஸ்கட் உடன்படிக்கையின்படி அமெரிக்கப் பொருள்களுக்கான சுங்கவரி நூற்றுக்கு ஐந்து எனக் குறிக்கப்பட்டது.

ஒப்புதல் பெற்ற உடன்படிக்கைகளோடு மீண்டும் கிழக்கே செல்லவிருந்த ராபர்ட்ஸுக்கு, அங்குள்ள அரசர்களுக்குரிய அன்பளிப்புகள் தேவைப்பட்டன. வழக்கிலுள்ள பொன், வெள்ளி, செம்புக் காசுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி கொண்ட தொகுப்புகளை ஆயத்தம் செய்யுமாறு 1834 நவம்பரில் அக்கசாலைக்கு ஆணை வந்தது. அன்று புழக்கத்தில் அச்சிடப்படாதிருந்த வெள்ளி டாலரையும் பத்து டாலர் பொற்காசையும் சேர்த்தால்தான் தொகுப்பு நிறைவுறும். இவ்விரண்டும் கடைசியாக அச்சிடப்பட்ட ஆண்டு எது எனப் பதிவேட்டைப் புரட்டியோர் 1804 என்று கண்டனர். அந்த ஆண்டையே பொறித்துப் புதிய அச்சு வெட்டினர். இவ்வாறு 1834-இல் பிறந்த டாலர், முப்பது ஆண்டுகள் முந்தைய பிறப்புச் சான்றோடு மஸ்கட்டுக்குப் புறப்பட்டது.

1835 செப்டம்பரில் 'பீகாக்' கப்பல் ஓமான் கரைக்கு அப்பால் மஸீரா தீவருகே பவளப் பாறையில் சிக்கிற்று. ராபர்ட்ஸ் சிறு படகொன்றில் சிலரோடு மஸ்கட்டை அடைந்து உதவி வேண்டினார். ஸையித் ஸயீத் காலம் தாழ்த்தாது உணவும் நீரும் ஏற்றிய தம் கப்பலை அனுப்பினார். அம்மாத இறுதியில் உடன்படிக்கைப் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. காசுத் தொகுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சயாம் அரசருக்குரிய தொகுப்பு மறு ஆண்டு சேர்ப்பிக்கப்பட்டது. 1836 ஜூனில் மக்காவோவில் ராபர்ட்ஸ் நோயுற்று இறந்தார். 1840-இல் ஸையித் ஸயீத் தம் தூதர் அஹ்மத் பின் நுஃமானை 'சுல்தானா' என்னும் கப்பலில் நியூயார்க்குக்கு அனுப்பி அந்நட்பைத் தொடர்ந்தார். 

அரசர்களுக்கு மரியாதை செய்யும் எண்ணத்தில் நிகழ்ந்த இச்செயல் பின்னர் வேறு திசையில் சென்றது. 1842-இல் அக்கசாலை அலுவலர் இருவர் வெளியிட்ட காசு நூலொன்றில் 1804 டாலரின் படம் இடம்பெற்றதும் சேகரிப்பாளர்கள் அதனைத் தேடத் தொடங்கினர். 1850-களின் இறுதியில் அக்கசாலைக்குள்ளிருந்தே சிலர் மறைவாக மேலும் சில டாலர்களை அடித்து வெளியே விட்டனர். அவற்றுள் ஒன்று, 1857-ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்துக் காசொன்றின் மீதே அடிக்கப்பட்டது. பழைய அச்சின் சுவடுகள் அதில் இன்றும் தெரிகின்றன. 1804-இலேயே அடிக்கப்பட்ட உண்மைக் காசுகள் இவை என்பதற்கான கதைகளும் உடன் கிளம்பின. காசு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் வரலாறு, அதாவது அதன் இஸ்னாத், தேவைக்கேற்பப் புனையப்பட்டது.

இங்கேதான் மத்ன் ஆய்வு கைகொடுத்தது. டாலரின் ஓரத்தைச் சுற்றியுள்ள மணிவரிசையும், உயர்ந்த ஒழுங்கான விளிம்பும், காசை வளையத்தினுள் இறுக்கி அடிக்கும் முறையால் உண்டானவை. 1804-இல் பிலடெல்பியாவில் டாலர் அடிக்க அம்முறை வழக்கத்தில் இல்லை. விளிம்பிலுள்ள எழுத்துகள் அந்த வளையத்தின் அழுத்தத்தால் நசுங்கியும் இருக்கின்றன. இத்தகைய சான்றுகளை அக்கசாலையின் ஆவணங்களோடு ஒப்பிட்டு, எரிக் நியூமன், கென்னத் பிரெசட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1962-இல் வெளியிட்ட நூல் உண்மையை நிலைநாட்டிற்று. அதே ஆண்டில் சயாம் அரசரின் தொகுப்பு லண்டனில் வெளிப்பட்டு அவர்களின் முடிவை உறுதி செய்தது. நெற்றியில் எழுதிய ஆண்டு பொய்யுரைக்க, காசின் உடலே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

1834-இன் அச்சுகளால் அடிக்கப்பட்ட முதல் வகை டாலர்களில் எட்டு இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகச் சிறந்த நிலையிலுள்ள ஒன்று மஸ்கட் ஆட்சியாளருக்கு அளிக்கப்பட்டதே என நம்பப்படுகின்றது. அது 1999-இல் 41,40,000 டாலருக்கும், 2021 ஆகஸ்டில் 76,80,000 டாலருக்கும் ஏலம் போயிற்று. ஆண்டு தவறான காசெல்லாம் வஞ்சகம் என்றும் நாம் கருதலாகாது. மஸ்கட்டின் சந்தைகளில் புழங்கிய மரியா தெரசா வெள்ளிக்காசில், எந்த ஆண்டு அடித்தாலும் அவ்வரசி இறந்த 1780 என்னும் எண்ணே பொறிக்கப்பட்டது. அதனை வாங்கியோர் அனைவரும் அதை அறிந்திருந்தனர். மறைக்கும் எண்ணம் நுழையும்போதே ஆண்டு பொய்யாகின்றது.

ஃபாரூக் மன்னரின் இருபது டாலர்

1933 மார்ச்சில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றபோது அமெரிக்க வங்கிகள் நிலைகுலைந்திருந்தன. மக்கள் பொன்னைப் பதுக்கத் தொடங்கினர். ஏப்ரல் 5 அன்று பிறப்பித்த ஆணையால், குடிமக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளையும் பொற்கட்டிகளையும் மே 1-க்குள் ஒப்படைக்க வேண்டுமென்று அவர் கட்டளையிட்டார். அவ்வேளையில் பிலடெல்பியா அக்கசாலை, அவ்வாண்டைப் பொறித்த இருபது டாலர் பொற்காசுகளை அடித்துக்கொண்டிருந்தது. மொத்தம் 4,45,500 காசுகள் அடிக்கப்பட்டன. ஒன்றேனும் புழக்கத்திற்கு விடப்படவில்லை. இரண்டு காசுகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. ஏனையவை 1937-இல் உருக்கப்பட்டன. ஆயினும் சில காசுகள் களவாக வெளியேறியிருந்தன.

எகிப்து மன்னர் ஃபாரூக் பெரும் காசுச் சேகரிப்பாளர். அக்காசுகளுள் ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அதனை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டி, 1944 பிப்ரவரியில் எகிப்தியத் தூதரகம் முறைப்படி அமெரிக்கக் கருவூலத்தை அணுகிற்று. கருவூலம் ஸ்மித்சோனியன் காப்பாளரின் கருத்தைக் கேட்டு, பிப்ரவரி 29 அன்று ஏற்றுமதி உரிமத்தை வழங்கிற்று. சில வாரங்களில், நியூயார்க் ஏலமொன்றின் அறிவிப்பைக் கண்ட பத்திரிகையாளர் ஒருவர் இக்காசு எத்தனை வெளியிடப்பட்டது என வினவ, எதுவும் வெளியிடப்படவில்லை என்னும் உண்மை வெளிவந்தது. அதன்பின் அமெரிக்காவில் கண்டறியப்பட்டவை பறிமுதல் செய்யப்பட்டன. மன்னரிடம் இருந்ததோ எட்டாத தொலைவில் இருந்தது.

1952 ஜூலைப் புரட்சியில் ஃபாரூக் முடியிழந்தார். அவருடைய உடைமைகள் 1954-இல் கெய்ரோவின் குப்பா அரண்மனையில் ஏலமிடப்பட்டபோது, அமெரிக்க அரசின் வேண்டுகோளுக்கு இணங்கி அக்காசு விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் அது எங்குச் சென்றது என்று எவரும் அறியவில்லை. 1996 பிப்ரவரியில் நியூயார்க் விடுதியொன்றில், பிரிட்டிஷ் காசு வணிகர் ஒருவர் ஒரு 1933 காசை விற்க வந்தபோது கைது செய்யப்பட்டார். அது ஃபாரூக் மன்னருடையதே என்பது அவர் தரப்பின் வாதம். 1944-இல் கருவூலமே அளித்த உரிமத்தின் முன்னே அரசின் வழக்கு வலுவிழந்தது. இரு தரப்பும் 2001-இல் சமரசம் செய்துகொண்டன. அதுவரை நியூயார்க் உலக வணிக மைய வளாகத்தில் வைக்கப்பட்டிருந்த காசு, அவ்வாண்டு செப்டம்பர் பேரழிவுக்குச் சில வாரங்கள் முன்னர் கென்டகி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸ் கோட்டைக்கு மாற்றப்பட்டிருந்ததால் தப்பிற்று.

2002 ஜூலை 30 அன்று அது 75,90,020 டாலருக்கு விற்கப்பட்டது. அத்தொகையின் இறுதியிலுள்ள இருபது டாலர் நம் கவனத்திற்குரியது. அரசு முறைப்படி வெளியிடும்வரை அது காசு அன்று, அரசின் உடைமையாகிய பொன் மட்டுமே என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிலை. எனவே அதன் முகமதிப்பாகிய இருபது டாலரை அரசுக்குச் செலுத்திய பின்னரே, அதற்குச் சான்றிதழ் அளித்துக் காசாக அங்கீகரித்தனர். எடையும் மாற்றும் ஆண்டும் சிறிதும் பிழையின்றிப் பொறிக்கப்பட்டிருந்தும், அது காசாவதற்கு 69 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சிக்கா என்பது அச்சோ முத்திரையோ மட்டுமன்று, அதற்குப் பின்னுள்ள அதிகாரமும் ஆகும் என்னும் இப்னு கல்தூனின் விளக்கத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2021 ஜூனில் அதே காசு 1,88,72,250 டாலருக்கு மீண்டும் விலைபோயிற்று.

ஜித்தாவில் இறங்கிய பொன்வட்டுகள்

அந்த 1933-ஆம் ஆண்டின் ஆணை செங்கடலின் கரையிலும் தன் விளைவைக் காட்டிற்று. மே 29 அன்று ஜித்தாவில், சவூதி நிதியமைச்சர் அப்துல்லாஹ் அல் சுலைமானும் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பிரதிநிதியும் எண்ணெய் உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். பணத்தைப் பொன்னாகவே கொடுக்க வேண்டுமென்பது ஒப்பந்தத்தின் விதி. எண்ணெய் கிடைத்தால் டன் ஒன்றுக்கு நான்கு பொன் ஷில்லிங் உரிமைத்தொகை. அமெரிக்காவிலிருந்து பொன்னை வெளியே அனுப்ப இயலாத நிலையில், நிறுவனம் லண்டனில் 35,000 பிரிட்டிஷ் சவரன்களை வாங்கி அனுப்பிற்று. ஆகஸ்டில் ஜித்தாவின் டச்சு வங்கியொன்றில் அவை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்கப்பட்டன.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் சவரன் கிடைப்பது அரிதாயிற்று. அதன் சந்தை விலை அதிலுள்ள பொன்னின் மதிப்பைவிட மிக உயர்ந்தது. எனவே 1945-இல், அராம்கோ எனப் பெயர் மாறியிருந்த அந்நிறுவனத்தின் பொருட்டுப் பிலடெல்பியா அக்கசாலை 91,210 பொன்வட்டுகளை அடித்தது. ஒவ்வொன்றும் நான்கு சவரனுக்கு ஈடானது. 1947-இல் ஒரு சவரனுக்கு ஈடான 1,21,364 சிறிய வட்டுகள் அடிக்கப்பட்டன. ஒருபுறம் கழுகுச் சின்னமும் அக்கசாலையின் பெயரும் இருந்தன. மறுபுறம் மூன்று செய்திகள் மட்டுமே: மொத்த எடை, அதிலுள்ள தூய பொன்னின் எடை, மாற்று. பெரிய வட்டின் மொத்த எடை 493.1 கிரெய்ன், தூய பொன் 452 கிரெய்ன். மன்னரின் பெயரில்லை, முகமதிப்பில்லை, ஆண்டுமில்லை.

இவ்வட்டுகள் இறைமையின் அடையாளத்தைக் கோரவில்லை. நிறுத்துப் பார்க்க அழைப்பு விடுத்தன. அவ்வகையில் நால்வகைச் சாட்சிகளுள் மிகுந்த நாணயம் வாய்ந்தவை இவையே. ஆயினும் இவற்றின் நேர்மைக்கும் ஓர் எல்லையுண்டு. தன் குடிமக்கள் முதலீட்டுக்காகப் பொற்கட்டி வைத்திருப்பதை 1974 இறுதிவரை தடுத்த ஓர் அரசு, அயல்நாட்டு எண்ணெய்க்காகத் தன் அக்கசாலையிலேயே பொன்னை அடித்தனுப்பியது என்னும் செய்தியை அவ்வட்டுகள் சொல்வதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் உருக்கப்பட்டன. 1952-இல் சவூதி அரேபிய நாணய முகமை தோற்றுவிக்கப்பட்டு, மன்னர் அப்துல் அஸீஸின் பெயரும் ஹிஜ்ரி 1370 என்னும் ஆண்டும் பொறித்த சொந்தப் பொற்காசு வெளிவந்தபோது, பிறர் முத்திரையில் பொன் பெறும் காலம் முடிவுக்கு வந்தது.

நம் காசுகளையும் சோதிப்போம்

பிறர் காசில் குறை காண்பதோடு நாம் நின்றுவிடுதல் முறையன்று. 1258-இல் பக்தாதில் கொல்லப்பட்ட அப்பாஸியக் கலீஃபா அல் முஸ்தஃஸிமின் பெயர், அதன் பின்னரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தில்லி சுல்தான்களின் காசுகளில் பொறிக்கப்பட்டு வந்தது. பல்பனின் காசை மட்டும் பார்த்து, அவர் காலத்தில் பக்தாதில் அக்கலீஃபா ஆட்சி செய்தார் என்று எழுதுவாராயின், அவ்வரலாற்றாசிரியர் 1804 டாலரை நம்பியவரினும் மேம்பட்டவர் ஆகார். ஆட்சிக்குரிய சட்ட ஏற்பை இழக்க விரும்பாத சுல்தான்கள் இறந்தவர் பெயரால் காசு அடித்தனர். அக்காசுகள் பக்தாதைப் பற்றிச் சொல்வது பிழை. தில்லியின் அச்சத்தையும் ஏக்கத்தையும் பற்றிச் சொல்வது உண்மை.

காசில் எதைப் பொறிப்பது என்னும் தயக்கமும் இரு உலகங்களுக்கும் பொதுவானது. இறைவனை நம்புகின்றோம் என்னும் தொடரை 1907-இன் புதிய பொற்காசுகளிலிருந்து தியோடர் ரூஸ்வெல்ட் நீக்கச் செய்தார்; புனிதமான ஒன்றைப் பணத்தில் பொறிப்பது அதற்கு இழுக்கு என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே காங்கிரஸ் அதனை மீட்டுவைத்தது. ஃபாரூக் மன்னரின் காசிலும் அது உள்ளது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இறைவசனம் பொறித்த திர்ஹம்கள் தூய்மையற்றோர் கைகளிலும் படுமே என்று மார்க்க அறிஞர் சிலர் வருந்தினர் என்றும், ஹஜ்ஜாஜின் திர்ஹம்கள் அதனால் 'மக்ரூஹா', அதாவது வெறுக்கப்பட்டவை, எனப் பெயர் பெற்றன என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஆகவே, காசையும் பதக்கத்தையும் வரலாற்றின் கண்ணாடி என்று மட்டும் சொல்வது போதாது. அவை சாட்சிகள், சாட்சிகளுக்குரிய விசாரணை அவற்றுக்கும் வேண்டும். அது எவர் கட்டளையால் பிறந்தது, எவர் கைகளின் வழியே வந்தது, அதன் எழுத்தும் உடலும் ஒன்றுக்கொன்று ஒத்துள்ளனவா, அது சொல்லாமல் விட்டது என்ன என்னும் நான்கு வினாக்களைத் திரிப்போலிப் பதக்கமும் மஸ்கட் டாலரும் ஃபாரூக்கின் பொற்காசும் ஜித்தா வட்டுகளும் நமக்குக் கற்பிக்கின்றன. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அழைக்கப்படுகின்றது. நிறுவையில் நேர்மை வணிகருக்கு எத்துணை கடமையோ, சான்றுகளை நிறுத்துப் பார்ப்பதில் நேர்மை வரலாறு எழுதுவோர்க்கும் அத்துணை கடமையாகும்.